இரண்டாவது பெட்டியின் முனை

"வாடகை ஜாஸ்திதான்டா. ஆனா தினம் மெட்ரோ கூட்டத்துல போற மூணு மணி நேரம் மிச்சமாகும்," என்றான் நிகில். லோதி ரோட்டில் எங்கள் அலுவலகத்துக்குப் பின்தெருவில் எனக்காக ஒரு வீடு பார்த்திருந்தான்.

"அந்த மூணு மணி நேரத்தை வெச்சு என்ன பண்றது?"

"தூங்கு. கண்ணாடில உன் மூஞ்சியப் பாத்தியா?"

நாளைக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, துவாரகாவில் இருக்கும் என் வீட்டுக்கு மெட்ரோ பிடித்தேன்.

முதல் பெட்டி பெண்களுக்கு. என் மனைவி மானசா அதில்தான் ஏறுவாள். நான் இரண்டாவது பெட்டியின் முனையில் நிற்பேன். நடுவே கதவு கிடையாது. அவள் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டு, "பார்டரைத் தாண்டாதீங்க, சுட்டுடுவாங்க," என்று சொல்லி யாருக்கும் தெரியாமல் வேர்க்கடலை நீட்டுவாள். போன மழைக்காலத்தில் டெங்கு வந்து இறந்துபோனாள். நான் இன்னமும் அங்கேதான் நிற்கிறேன். யார் என்ன கணக்குச் சொன்னாலும் நான் வீடு மாறாததற்கு வேறு காரணம் இல்லை.

அன்று அந்தப் பக்கம் மானசாவின் உயரத்தில் ஒருத்தி சாய்ந்து நின்றாள். சற்று நேரத்தில் திரும்பி, "பையா, யே லேடீஸ் கோச் ஹை," என்றாள் இந்தியில், அண்ணா இது பெண்கள் பெட்டி என்று.

குனிந்து பார்த்தேன். என் இரண்டு கால்களும் அந்தப் பக்கம் இருந்தன.

"சாரி," என்று பின்வாங்கி, பெட்டியின் நடுவுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

துவாரகாவில் இறங்கியதும் நிகிலுக்குப் போன் செய்து, அந்த வீட்டை எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன்.

"என்னடா திடீர்னு?"

"மெட்ரோல கூட்டம் தாங்கலை."

"இதைத்தானே நானும் சொன்னேன்," என்றான்.