இடது சிவப்பு, வலது பச்சை

நூற்றிருபது ஜோடி குழந்தைச் செருப்பு. அத்தனையிலும் இடது கால் சிவப்பு, வலது கால் பச்சை. பாதி விலைக்குக் கிடைத்ததென்று என் வீட்டுக்காரர் அள்ளிக்கொண்டு வந்த சரக்கு.

"ஒரே கலர்னு நினைச்சுதான் எடுத்தேன்" என்றார். அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரியுமாம். கல்யாணமாகிப் பத்து வருஷம், எனக்கே அன்றைக்குத்தான் சொல்கிறார்!

வெளியூரில் பார்த்த காவலாளி வேலையை விட்டுவிட்டுத்தான் இந்தக் கடையைப் போட்டார். திங்கட்கிழமைக்குள் வந்தால் அதே வேலை உண்டு என்று பழைய கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. ஞாயிறு சாயங்காலத்துக்குள் சரக்கு போகாவிட்டால் அவர் கிளம்ப வேண்டியதுதான். மாதம் ஒருமுறை வந்துபோகும் விருந்தாளியாக அவரை மறுபடி பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஞாயிறு காலை பலகையில் ஜோடி நூறு ரூபாய் என்று எழுதினேன். எடுத்துப் பார்த்தார்கள், சிரித்தார்கள், வைத்துவிட்டார்கள். அறுபது ஆக்கினேன். நாற்பது. மதியம் இருபது.

"இருபதுக்கா? என்ன கோளாறோ!" என்று ஒருத்தி பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள்.

விலையைக் குறைக்கக் குறைக்க ஆளும் குறைந்தால் என்ன செய்வது? பிடிக்காத பொருளை எவ்வளவுக்கு வைத்தால்தான் என்ன?

நான்கு மணிக்கு மழலையர் பள்ளி டீச்சர் தன் மகளோடு வந்தார். அந்தக் குட்டி ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தாள்.

"எல்லா ஜோடியுமே இப்படித்தானா?" என்றார் டீச்சர்.

"ஆமாங்க, எல்லாமே இப்படித்தான். நீங்களும் சிரிச்சுட்டுப் போங்க!" என்று வெடித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. மகளை ஸ்டூலில் உட்கார வைத்து, "சிவப்பு இந்தக் கால்ல" என்று ஒரேயொரு தடவை சொல்லிப் போட்டுவிட்டார். கழற்றிவிட்டு, "இப்ப நீயே போடு" என்றார். குட்டி சரியாகப் போட்டாள்!

"தினமும் முப்பது பிள்ளைங்களுக்கு நான் செருப்பை மாத்தி மாத்திப் போட்டுவிடறேன். முதுகே போச்சு. அம்மாக்களுக்குச் சொல்றேன், இருங்க" என்று செருப்பைப் போனில் படம் எடுத்து, பெற்றோர் குரூப்பில் போட்டார்.

அவ்வளவுதான்! அரை மணியில் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. நான் பலகையை அழித்து அறுபது என்று எழுதினேன்.

"ஏத்தாதே, ஓடிடுவாங்க!" என்று பதறினார் வீட்டுக்காரர்.

"நீங்க சும்மா இருங்க!"

ஒருத்தர்கூட நகரவில்லை. நூறு என்றேன், அப்போதும் அள்ளினார்கள். காலையில் இதே நூறுக்குச் சிரித்த அம்மாள் இரண்டு ஜோடி வாங்கினாள். நூற்றி முப்பது என்று எழுதியதும் மூன்று பேர் திருப்பி வைத்தார்கள். சரிதான், ஆசைக்கும் ஒரு எல்லை உண்டு. மறுபடி நூறாக்கினேன்.

ஆறு மணிக்கு ஒரே ஜோடி மிச்சம். பையும் காகிதமும் தீர்ந்துவிட்டன. கல்லாவுக்கு அடியில் இருந்த கம்பெனிக் கடிதத்தை உருவி அதில் சுற்றிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார்.

டீச்சர் திரும்பி வந்து, பக்கத்துப் பள்ளிக்கும் நூறு ஜோடி வேண்டும் என்றார்.

"நீங்களே போய் வாங்கிட்டு வாங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"நானா? கலர்..."

வாசலில் டீச்சரின் மகள் புதுச் செருப்போடு குதித்துக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் அவள் கால்களையே பார்த்தார்.

"அந்த இடது கால்ல இருக்கறதுதான் சிவப்பு" என்றார். "சரிதானே?"

"சரிதாங்க" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.