கடைசி வீட்டு மாதா

தனியாகக் கிடக்கும் பெரியவர்களின் கதவைத் தட்டி, "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதற்கென்றே சில தேசங்களில் ஆள் அனுப்புகிறார்களாம். ரேடியோவில் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அறுபத்தேழாம் வருஷத்திலேயே ராயபுரத்தில், எங்கள் தெருவில், அந்த வேலையை ஒரு மாதா சுரூபம், மாதா சிலைதான், பார்த்தது, கண்ணுங்களா.

சாரங்கு இக்னேஷியஸ் என்று ஒருவர் இருந்தார். துறைமுகத்தில் கப்பலை இழுத்துவரும் படகில் முப்பது வருஷம் ஆட்களை மேய்த்தவர், அதனால் சாரங்கு. இந்தப் படகிலிருந்து அந்தப் படகுக்குக் கத்திக் கத்தியே குரல் பெருத்துப்போனவர். எழுபது தாண்டியதும் இடுப்பு விட்டுப்போனது. தடி ஊன்றித்தான் நடப்பார். மனைவி இல்லை. மகன் ஜார்ஜும் மருமகள் ஃப்ளோரன்ஸும்தான்.

ஒருநாள் டீக்கடையில், "எங்கூட்ல எனக்கு ஒருவேள சோறுதான்" என்று சொல்லிவிட்டார். அவர் மெதுவாகச் சொன்னாலே தெருமுனை வரைக்கும் கேட்கும். ஜார்ஜுக்கு மானம் போய்விட்டது. சோறு போடாததற்கு அல்ல, அவர் அதை வெளியே சொன்னதற்கு. தடியைத் தூக்கிப் பரணில் போட்டான். அப்பாவைப் பின்பக்கத்து விறகு அறையில் விட்டு வெளியே தாழ் போட்டான். கேட்டவர்களிடம், "நைனாவுக்கு ஒடம்பு செரியில்ல" என்றான்.

அந்த அறைக்கும் பக்கத்து வீட்டு சாபிராவுக்கும் ஒரே சுவர். சுவரின் உச்சியில் ஒரு காற்றுத் துவாரம். அவள் ஸ்டூல் போட்டு ஏறி, அதன் வழியே பன்னைத் தள்ளிவிடுவாள். அவள்தான் தண்ணீர்க் குழாயடியில் வியாகுலம்மாளிடம் விஷயத்தைச் சொன்னாள்.

வியாகுலம்மாள் எங்கள் ஜெபமாலைக் கூட்டத்துக்குத் தலைவி. குடத்தை அப்படியே வைத்துவிட்டு ஜார்ஜ் வீட்டு வாசலுக்குப் போனாள்.

"டேய் ஜார்ஜு, பெத்தவனப் பூட்டி வெச்சிகினு கீறியே, இது இன்னா கோழிக் கூண்டா?"

தெருவே கூடி ரசித்தது. ஆனால் அன்றைக்குச் சாரங்குக்கு அந்த ஒருவேளைச் சோறும் போகவில்லை. காலையில் சாபிரா வந்து சொன்னதும் வியாகுலம்மாள் அழுதுவிட்டாள். "என் வாயி அவரு வயித்துல அடிச்சிட்ச்சே." அதற்குப் பிறகு அவள் சத்தம் போடவில்லை.

ஜெபமாலை மாதமான அக்டோபர் வரப்போகிறது. மாதம் முழுக்க மாதா சுரூபம் தினம் ஒரு வீட்டுக்குப் போகும். அந்த வீட்டிலேயே மூத்தவர் யாரோ, அவர்தான் வாசலில் நின்று இரண்டு கையாலும் வாங்கவேண்டும். அது எங்கள் தெருவின் வழக்கம். முப்பத்தோராம் நாள்தான் விசேஷம்: பந்தல், பாட்டு, சுண்டல். அந்த நாள் வருஷா வருஷம் வியாகுலம்மாள் வீட்டில்தான் நடக்கும். போன மானத்தை மீட்கத்தானோ என்னவோ, ஜார்ஜ் அவளிடம் வந்தான்.

"கடைசி நாள எங்கூட்டுக்குக் குடு அத்தே."

"தாராளமா வெச்சிக்க," என்றாள். அவ்வளவு சுலபமாகக் கொடுத்தபோதே அவன் உஷாராகியிருக்க வேண்டும். "நைனாவ வாசலுக்கு வரச்சொல்லு."

"அவுரு படுத்துகினு கீறாரு. நானே வாங்கிக்கறேன்."

"நீ அவருக்கு மூத்தவனா? படுத்துகினு இருந்தா இன்னா? மாதாவத் தூக்கிகினு தெரு மொத்தமும் அவரு படுக்கைக்கே வருது."

ஜார்ஜ் அந்த விறகு அறையை ஒருகணம் நினைத்துப் பார்த்திருப்பான். "வேணாம் அத்தே, வாசலுக்கே வருவாரு."

மறுநாளே சாரங்கு முன்னறைக்கு வந்தார். முடி வெட்ட ஆள் வந்தது. ஒரு மாதத்துக்குள் அவர் கன்னத்தில் கொஞ்சமாவது சதை பிடிக்கவேண்டுமே! "இன்னிக்கு வவ்வால் மீன் கொழம்பு," "இன்னிக்கு ரெண்டு முட்ட" என்று குழாயடியில் சாபிரா தினமும் சேதி வாசித்தாள். நாங்கள் சிரித்துச் சிரித்துத் தண்ணீரைக் கொட்டினோம்.

ஒருநாள் சாபிராவே கேட்டாள்: "நவம்பர் ஒண்ணாந்தேதி மறுபடி உள்ள தள்ளிட்டான்னா?"

எங்கள் சிரிப்பு நின்றது. "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள் வியாகுலம்மாள்.

முப்பத்தோராம் தேதி சாயங்காலம் ஆறு மணி. சாரங்கு வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றார். பரணிலிருந்து இறங்கிய தடி கையில் இருந்தது. சுரூபத்தை வாங்க இரண்டு கையும் வேண்டும். "புடிடா" என்று தடியை மகனிடம் கொடுத்தார். கால் தள்ளாடியது. ஜார்ஜ் சட்டென்று அவரைச் சேர்த்துப் பிடித்தான். அப்பாவின் விலா எலும்பு ஒவ்வொன்றும் அவன் கைக்குத் தட்டுப்பட்டிருக்கும். மெழுகுவர்த்தியோடு பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன், அவன் தலை குனிந்துகொண்டது. பிரார்த்தனையைச் சாரங்குதான் தொடங்கினார். துறைமுகத்தில் நின்ற கப்பல்களும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லியிருக்கும், அப்படி ஒரு குரல்.

சுண்டல் தின்னும்போது ஜார்ஜ் வியாகுலம்மாளைக் கேட்டான்: "சுரூபத்த எப்ப எடுத்துகினு போவீங்க?"

"எங்க போறது? கடைசி நாள் வாங்கின வூட்லதான் அடுத்த அக்டோபர் வரிக்கும் மாதா இருப்பா. சனிக்கெயம தோறும் ஆறு மணிக்கு நாங்க ஜெபமாலைக்கு வருவோம். மெழுகுவத்திய வூட்டுப் பெரியவருதான் ஏத்தணும்."

"அது உங்க சொந்த சுரூபம், அதான் உங்கூட்ல கீதுன்னு நெனச்சேன்."

"தெருவோடதுடா. நீதான கேட்டு வாங்கின?"

ஜார்ஜின் கையில் சுண்டல் அப்படியே நின்றது. சாரங்கு மட்டும், "வெள்ளிக்கெயமயும் வாங்களேன்" என்றார்.

"செவ்வாக்கெயம நான் வரேன் நைனா," என்றாள் சாபிரா. "மரியம் பீவி எங்களுக்கும் வேண்டப்பட்டவங்கதான்."

அந்த வருஷம் முழுக்கப் போனோம். ஜார்ஜ் ஒரே நாளில் புனிதன் ஆகிவிடவில்லை, கண்ணுங்களா. முதல் சில சனிக்கிழமைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். பிறகு பாய் விரித்தான். அதுவரை பேச ஆளில்லாமல் புழுங்கிக்கிடந்த ஃப்ளோரன்ஸ், எங்களுக்கும் மாமனாருக்கும் சேர்த்து டீ போட ஆரம்பித்தாள். விறகு அறையில் விறகுதான் இருந்தது.

அடுத்த அக்டோபர் முதல் தேதி, சுரூபத்தை எடுக்கப் போனோம்.

"கடைசி நாள எங்களுக்கே குடுங்க அத்தே," என்றாள் ஃப்ளோரன்ஸ். "சனிக்கெயம வூடு வெறிச்சினு பூடும்."

ஜார்ஜ் மூலையில் இருந்த தடியை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தான். முதல் வீடு வரைக்கும் மாதாவோடு அவரும் நடக்க வேண்டுமே.