துடைத்த அலை

முதல் வருஷத்தில் ஒரு சர்க்யூட்டைக் கருக்கி லேப் முழுக்கப் புகையடித்த நாளிலிருந்து அவளுக்குப் 'புகை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. அந்தப் புகைக்கு இன்று கடைசி வருஷ புராஜெக்டின் கடைசி ரிவ்யூ. தேறினால் கைக்கு வந்த வேலை நிலைக்கும். தவறினால் அதுவும் அம்பேல்.

அவள் செய்தது ஓர் அதிர்வுமானி. தரையில் வைத்தால் கட்டடம் எவ்வளவு நடுங்குகிறது என்று திரையில் கோடாகக் காட்டும். காட்டவும் செய்தது. ஆனால் சனியன், ஆளரவமில்லாத லேபிலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கோடு மெல்லப் புடைத்து அடங்கியது. போன ரிவ்யூவில் கைடு சார், "ஆடாத தரைய ஆடுதுன்னு சொல்ற மெஷின் எதுக்கும்மா?" என்று முகத்தில் அடித்தாற்போல் கேட்டுவிட்டார். ஒயரை மாற்றினாள், போர்டை மாற்றினாள், சென்சாரையே மாற்றினாள். அலை மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. சோறு தண்ணி மறந்து தலையைப் பிய்த்துக்கொண்டவள், கடைசியில் அந்த அலையை மட்டும் வழித்தெடுக்கும் ஃபில்டர் ஒன்றைப் புரோகிராமில் எழுதிப் போட்டாள். கோடு நூல் பிடித்தாற்போல் படுத்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது.

ரிவ்யூவுக்கு வெளியாளாக வந்தவர் இதே கல்லூரியில் படித்த, தலை நரைத்த ஓர் இன்ஜினியர் அம்மாள். நேர்கோட்டைப் பார்த்துக் கைடு திருப்தியாகத் தலையாட்டினார். அந்த அம்மாளோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இது இந்தக் கட்டடத்தில், இந்தக் கீழ்த்தளத்தில் எடுத்ததுதானா என்று விசாரித்தார். ஆமாம் என்றாள்.

"அப்ப இவ்வளவு சுத்தமா வராதேம்மா. எதையாவது தொடைச்சியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் பிழைத்தாள். வேலை கிடைத்த அன்று அப்பா தெருவில் போனவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னது கண்முன் வந்து நின்றது. ஆனாலும் பாழாய்ப்போன வாய் உண்மையைக் கொட்டிவிட்டது. ஓர் அலை வருகிறது, காரணம் தெரியவில்லை, அதனால் அழித்துவிட்டேன் என்றாள். கைடின் முகம் கறுத்தது.

அந்த அம்மாள் கோபிக்கவில்லை. ஃபில்டரை எடுக்கச் சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். "இப்ப வரும்," என்றார்.

வந்தது. கோடு புடைக்கத் தொடங்கியதும், அந்த வயதிலும் சட்டென்று மண்டியிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்தார். அவளும் குனிந்து கை வைத்தாள். தரை கல்லாகக் கிடந்தது. திரையில் மட்டும் கோடு ஏறி, இறங்கி, ஓய்ந்தது.

"எப்படி மேடம் தெரிஞ்சுது?"

"கீழ மெட்ரோ போகுது. அந்தச் சுரங்கம் தோண்டினவங்கள்ல நானும் ஒருத்தி. நம்ம காலேஜ்ல ஒருத்தருக்கும் அதிர்வு தெரியக்கூடாதுன்னு, தண்டவாளத்துக்கு அடியில ரப்பர் மெத்தை போடச் சொல்லி எல்லார்கிட்டயும் சண்டை போட்டேன்." கையைத் தரையிலிருந்து எடுக்காமலே சொன்னார். "யாருக்கும் தெரியலேன்னாதான் அந்த வேலை ஜெயிச்சதா அர்த்தம். நானே இன்னைக்குத்தான் அதைப் பார்க்கிறேன்."

புகைக்கு மயிர்க்கூச்செறிந்தது. மெட்ரோ எங்கோ அடுத்த தெருவுக்கு அடியில் ஓடுகிறது என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்! தினமும் காலையில் அதில்தான் வருகிறாள். இந்தத் தரைக்கு அடியில், பையை மடியில் வைத்துத் தூங்கி வழிந்துகொண்டு, அவளே அந்த அலையாகப் போயிருக்கிறாள். தன்னையே துடைத்துப் போட்டிருக்கிறாள்.

கைடு தொண்டையைச் செருமினார். "பாஸ் போட்டாச்சு. தொடைச்சதுக்கு ரெண்டு மார்க் கம்மி," என்றார். வெளியே அடுத்த மாணவன் கதவைத் தட்டினான். கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டிவிட்டு, அவரும் மெல்ல முட்டி போட்டுத் தரையில் கை வைத்தார்.

மூவரும் அடுத்த ரயிலுக்காகக் காத்திருந்தார்கள்.