கேரவனை அவிழ்த்துவிட்ட நாள்

ஸ்லாத்கா தன் வாழ்க்கையின் பெரும்பகுதியை ஓடும் ரயிலில் கழித்தவள். பல்கேரியாவில் சோபியாவுக்கும் புர்காசுக்கும் நடுவே பெட்டி பெட்டியாக நடந்து டிக்கெட் பார்த்தவள். வண்டி நின்றாலே ஏதோ கோளாறு என்றுதான் அவள் உடம்பு எடுத்துக்கொள்ளும். இந்த வசந்தத்தில் அவளுக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிளோவ்திவ் வீட்டின் சமையலறைக்கும் பால்கனிக்கும் நடுவே அவள் ஓயாமல் நடந்த நடையில், கீழ்வீட்டுக்காரி ஒருநாள் மேலே வந்து, "மாவு ஏதும் இடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கணவன் கோஸ்தாதின் இதற்கு நேர்மாறு. ரொட்டி அடுப்பின் முன்னால் ஒரே இடத்தில் நின்று வேலை செய்தவன். பேக்கரி தெருமுனையிலேயே இருந்ததால் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. எங்கே போனாலும் ஸ்லாத்காதான் ஓட்டுவாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து தக்காளி தின்பான்.

ஆகஸ்டில் அவன் தம்பி, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் தன்னுடைய பழைய கேரவன் வீட்டைக் கொடுத்தான். வெள்ளை உடம்பு, இடுப்பில் பச்சைப் பட்டை. தெற்குக் கடற்கரையில் நல்ல விடுமுறை முகாமாகப் பார்த்து இரண்டு வாரம் இருந்துவிட்டு வாருங்கள் என்றான். கோஸ்தாதினுக்கு அது போதும். ஒரு மர நிழல், மடக்கு நாற்காலி, பொரித்த மீன், குளிர்ந்த ராக்கியாச் சாராயம். வேறென்ன வேண்டும்?

முதல் முகாம் சொசொபோலுக்குப் பக்கத்தில். கேரவனை நிறுத்தி, நான்கு மூலையிலும் முட்டுக் கொடுத்து, முன்பந்தலை விரித்துக் கட்டி, அவன் நாற்காலியில் சாய்ந்தான். ஸ்லாத்கா முகாமை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள்.

"இங்க வேண்டாம். கடற்கரை பாரில இப்பவே பாட்டு போடுறான். ராத்திரி தூங்கவிட மாட்டான்."

மறுநாள் வேறொன்று. அங்கே நிழல் இல்லை. அதற்கடுத்ததில் பைன் மரங்கள் கூரையெல்லாம் பிசினைச் சொட்டின. இன்னொன்றில் பக்கத்துக் கூடாரத்துக்காரன் துணி காயப்போடும் கயிற்றை இவர்கள் கேரவனில் கட்டியிருந்தான். குறைகள் எல்லாமே உண்மைதான், பொய் ஒன்றும் இல்லை. ஆனால் குறை கிடைத்ததும் அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வருவதைக் கோஸ்தாதின் கவனித்துவிட்டான். சாவியைக் கையில் எடுத்ததும் அவளுடைய தோள்கள் தளர்ந்துவிடும். வண்டி நெடுஞ்சாலையில் ஏறி, இடது பக்கம் கடல் நீலமாக விரிந்ததும் சீட்டியடிக்கத் தொடங்கிவிடுவாள்.

ஒவ்வொரு முறையும் பந்தலைப் பிரித்து மடிப்பது அவன் வேலை. முட்டுகளைக் கழற்றுவதும் அவனே. ரொட்டிக்கான புளித்த மாவை ஒரு ஜாடியில் கொண்டுவந்திருந்தான். வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி அது மூடியைத் தள்ளிக்கொண்டு அலமாரி முழுக்க வழிந்தது. அதைத் துடைத்ததும் அவனே.

அஹ்தொபோலுக்கு வடக்கே ஓக் தோப்புக்குள் இருந்த முகாமில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தடித்த நிழல், பத்தடியில் குழாய், பாறைகளுக்கு நடுவே ஒரு சின்ன மணல்திட்டு. முகாமை நடத்தும் யோவ்கா என்ற பெண் முதல் நாளே ஒரு தட்டு அத்திப்பழம் கொண்டுவந்து வைத்தாள். அன்றிரவு கோஸ்தாதின் குறட்டை விட்டுத் தூங்கினான். காலையில் எழுந்து பார்த்தபோது ஸ்லாத்கா மேசையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள்.

"இங்க என்ன குறை?" என்று கேட்டான்.

"குறைன்னு இல்ல. இன்னும் தெற்கே போனா இதைவிட நல்லா இருக்கும்போல. எல்லைக்குப் பக்கத்துல கூட்டமே இருக்காதாம்."

"கூட்டம் இல்லாத இடத்துல போய் யாரைக் குறை சொல்லுவ?"

"வாயை மூடிட்டுப் பந்தலைப் பிரிய்யா."

கோஸ்தாதின் பந்தல் பக்கம் போகவில்லை. கேரவனின் முன்பக்கம் போய்க் குனிந்தான். கொக்கியைத் தூக்கினான், மின்கம்பியைப் பிடுங்கினான், கேரவனின் மூக்கைத் தாங்கும் சிறு சக்கரத்தைச் சுற்றி இறக்கினான். கேரவன் ஓபல் காரைவிட்டு ஒரு சாண் விலகி நின்றது.

"நான் இறங்கிட்டேன்" என்றான். "நீ போய்ப் பாரு. எல்லை வரைக்கும் பாரு. துருக்கி வரைக்கும் வேணும்னாலும் போ. உனக்குப் பிடிச்ச இடம் கிடைச்சா வந்து சொல்லு, வர்றேன். அதுவரைக்கும் வீடு இங்கதான் இருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவளுக்கு உறைத்தது. சாவியை எடுத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

இழுக்க எதுவும் இல்லாமல் கார் துள்ளிக்கொண்டு ஓடியது. சினெமொரெட்ஸைத் தாண்டி இரண்டு முகாம்களைப் பார்த்தாள். ஒன்றில் கழிப்பறை நாறியது. இன்னொன்று பூட்டிக் கிடந்தது. மூன்றாவதாக ஒரு மண்பாதை கீழே இறங்கியது. அதன் முடிவில் ஒரு புல்வெளி கடலை நோக்கிப் படிப்படியாகச் சரிந்தது. நான்கைந்து கூடாரங்கள், ஒரு வாதுமை மரம், கீழே பாறைகளுக்கு நடுவே கண்ணாடிபோலத் தண்ணீர். ஸ்லாத்கா புல்லில் நடந்து இடத்தை அளந்தாள். கேரவன் இங்கே, கதவு கடல் பக்கம், பந்தல் மரத்தடியில். அவன் நாற்காலி அதோ அந்த இடத்தில். எந்தக் குறையும் தேறவில்லை. காலணியைக் கழற்றிவிட்டு நின்றாள். கொஞ்ச நேரம் உண்மையிலேயே நின்றாள்.

பிறகு வடக்கே திரும்பிப் பார்த்தாள். மலைச்சரிவுக்கு மேலே பழுப்பாக ஒரு புகைத்தூண் எழுந்து கடல்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது.

கோஸ்தாதினின் செல்போனுக்கு அழைத்தாள். மணியோசை அவளுடைய காருக்குள்ளிருந்தே கேட்டது. முன் டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டுவிட்டு மறந்துபோவது அவன் வழக்கம்.

அஹ்தொபோலைத் தாண்டியதும் போலீஸ் சாலையை மறித்திருந்தது. முகத்தில் கரி படிந்த ஓர் இளம் போலீஸ்காரன் காரை நிறுத்தினான்.

"திரும்புங்க அக்கா. அந்தப் பக்கம் காட்டுத்தீ, போக முடியாது."

"என் வீட்டுக்காரர் அங்க இருக்கார். ஓக் தோப்பு முகாம்ல."

"முகாம் முழுக்கக் காலி பண்ணியாச்சு. எல்லாரும் அவங்கவங்க வண்டியில கிளம்பிட்டாங்க."

"அவருக்கு ஓட்டத் தெரியாது."

போலீஸ்காரன் அவளையும் ஸ்டீயரிங்குக்குக் கீழே தொங்கிய சாவியையும் பார்த்தான். "அப்ப யாராவது கூட்டிட்டுப் போயிருப்பாங்க. வடக்கே உள்ள முகாம்களுக்குத்தான் அனுப்புனோம். எது எதுக்குன்னு எனக்குத் தெரியாது. மலைப்பக்கம் சுத்திப் போங்க. காத்து கடல் பக்கம்தான் வீசுது, அந்தச் சாலை திறந்திருக்கு."

காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் அந்தச் சாலையில் எல்லாரும் மெதுவாகவே ஊர்ந்தார்கள். ஸ்லாத்காவுக்கு வேகமாகப் போகவும் வழியில்லை, நிற்கவும் மனமில்லை. கோஸ்தாதின் ஓடமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அவர்களுடைய அடுக்குமாடிக் கட்டடத்தில் தீயணைப்புப் பயிற்சி நடந்தபோதுகூடச் சட்டையை இஸ்திரி போட்டுவிட்டு இறங்கியவன். முதலில் பந்தலை மடிப்பான். முட்டுகளைக் கழற்றுவான். கழற்றிவிட்டு, இழுக்கக் கார் இல்லாத கேரவனுக்கு முன்னால் நிற்பான். அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வந்தது. யாருக்கோ பதில் சொல்வதுபோல, "அவன்தானே கொக்கியைக் கழட்டினான்" என்று உரக்கச் சொன்னாள். சொல்லியும் ஆறவில்லை.

வடக்கே முதல் முகாமின் வரவேற்பறையில் ஒரு பெண் நகம் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வெள்ளைக் கேரவன், பச்சைப் பட்டை. வழுக்கைத் தலை, குட்டையான ஆள்" என்றாள் ஸ்லாத்கா.

"என்ன கார்?"

"கார் இல்ல."

"கார் இல்லாம கேரவன் எப்படி வரும் அக்கா?"

"அதைத்தான் நானும் தேடிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவளே உள்ளே நுழைந்து வரிசை வரிசையாக நடந்தாள். ரயிலில் நடந்த அதே நடை. ஒவ்வொரு கதவாக எட்டிப் பார்த்தாள். யாரோ தர்பூசணி வெட்டினார்கள், யாரோ சீட்டாடினார்கள்.

இரண்டாவது முகாமின் கடைசி வரிசையில் பச்சைப் பட்டை தெரிந்தது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். ஈரத் தலையோடு ஒரு செக் நாட்டுக்காரன் திறந்தான். அவனுக்கு இவள் பேச்சு புரியவில்லை, இவளுக்கும் அவன் பேச்சு புரியவில்லை. அவள் நின்ற கோலத்தைப் பார்த்து உள்ளே போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். மடமடவென்று குடித்துவிட்டுக் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தாள்.

மூன்றாவது முகாமில் இடமில்லை என்று பலகை தொங்கியது. வாசலிலேயே அத்திப்பழக்கார யோவ்கா நின்றுகொண்டிருந்தாள். முடியெல்லாம் சாம்பல்.

"உங்க ஆளா? அவரு த்சாரெவோ ஊர் ஃபுட்பால் மைதானத்துல இருக்காரு. இங்க இடம் பத்தாதுன்னு மிச்சப் பேரை அங்க அனுப்பிட்டாங்க. நல்லாத்தான் இருக்காரு."

"யார் இழுத்துட்டுப் போனது?"

"எங்க குப்பை டிராக்டர்தான். பந்தலை மடிச்சுட்டுத்தான் வருவேன்னு நின்னாரு மனுஷன். நான்தான் கயித்தைக் கத்தியால அறுத்துவிட்டேன். என்மேல கோவமா இருப்பாரு."

ஸ்லாத்கா அவளைக் கட்டிக்கொண்டாள்.

மைதானத்தை அடைந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கோல்கம்பங்களுக்கு நடுவே கேரவன்கள் கோணல்மாணலாக நின்றன. மூலைக்கொடிக்குப் பக்கத்தில் பச்சைப் பட்டை. அதற்கு முன்னால் கோஸ்தாதின் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

"இடம் கிடைச்சுதா?" என்று கேட்டான்.

அவள் வாசல்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"பந்தல் போச்சு" என்றான், அவள் அழுது முடித்ததும். "தம்பி கேப்பான்."

"உன் தம்பியும் பந்தலும். நீ என்ன ஆனயோன்னு நான்..."

"நான் என்ன ஆவேன்? ஆளுங்க இருந்தாங்க." நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். "ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. சுத்தி எல்லாரும் வண்டியைக் கிளப்பிட்டுப் போறாங்க. எனக்கு உயிர் பயம்கூட அவ்வளவா இல்ல. வீட்டுக்கு முன்னால நிக்கறேன், என்னால அதை ஒரு அடி நகர்த்த முடியல. அது மாதிரி எனக்கு என்னிக்கும் இருந்ததில்ல."

அவன் குனிந்து காலடிப் புல்லைப் பிடுங்கினான். அத்தனை வருடத்தில் அவன் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

"உனக்கு எப்பவும் அப்படித்தான் இருக்கா?" என்று கேட்டான். "அந்த வீட்டுல, வேலை போனதுக்கப்புறம்?"

ஸ்லாத்கா யோசித்தாள். "ஆமாய்யா. தீ மட்டும்தான் இல்ல."

அவன் தலையாட்டினான். இருந்த ரொட்டியையும் வெள்ளைப் பாலாடைக்கட்டியையும் பிட்டுத் தின்றார்கள். மலைமேல் புகை மெலிந்திருந்தது. ஹெலிகாப்டர் ஒன்று கடலில் தண்ணீர் மொண்டுகொண்டு மறுபடி மறுபடி போய்வந்தது.

காலையில் மைதானத்துக் காவலாளி வந்து, சாயங்காலம் ஆட்டம் இருக்கிறது, மதியத்துக்குள் காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். பெரும்பாலான கேரவன்கள் அதற்கு முன்பே கிளம்பிவிட்டதால் மைதானம் பாதி வெறுமையாகக் கிடந்தது. ஸ்லாத்கா காரைப் பின்னால் கொண்டுவந்து கொக்கிக்கு நேராக நிறுத்தினாள். கோஸ்தாதின் கொக்கியைத் தொடவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தான்.

"இறங்கு."

"எதுக்கு?"

"அந்தப் பக்கம் போய் உக்காரு. எது பிரேக்குன்னு காட்டு."

"இந்த வயசுலயா? லைசென்ஸ் வேண்டாமா?"

"ஊருக்குப் போய் எடுத்துக்கறேன். இப்ப புல்லுமேலதானே ஓட்டப்போறேன்? யாரும் டிக்கெட் கேக்க மாட்டாங்க."

அவள் இறங்கி மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். அந்த இருக்கையில் அவள் உட்கார்ந்ததே இல்லை. முழங்கால் இடித்தது. அவன் கிளட்சை விட்டதும் கார் ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி முயன்றான், மறுபடி குதித்தது. மூன்றாம் முறை நகர்ந்தது. வெள்ளைக்கோட்டை ஒட்டி, நடைவேகத்தில், அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். கோல்கம்பம் நெருங்கியபோது ஸ்லாத்காவின் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடி மிதித்தது. அங்கே மிதிக்க ஒன்றும் இல்லை.

"காலை எடு" என்றான், கம்பத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல். "இது என் வண்டி இப்ப."

"கம்பம்யா, கம்பம்."

"தெரியுது."

வளைத்தான். கம்பம் கண்ணாடியை உரசாமல் நழுவிப் போனது. வேலியோரம் நின்றிருந்த காவலாளி கையைத் தட்டினான். கோஸ்தாதின் முகம் சிவந்து, நெற்றியில் வியர்வை துளிர்த்தது, ஆனாலும் வேகத்தைக் கூட்டினான். ஸ்லாத்கா கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தாள், கதவைப் பிடித்தாள், மறுபடி மடியில் வைத்தாள். இரண்டாவது சுற்றில் கைகள் அங்கேயே தங்கின.

"நேத்து பார்த்த இடத்துல வாதுமை மரம் ஒண்ணு இருக்கு" என்றாள். "கூடாரம் நாலஞ்சுதான். பந்தல் இல்லாட்டியும் நிழல் போதும்."

"எவ்வளவு நாள் இருப்ப?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "தெரியாதுய்யா. ரெண்டு நாள்? கிளம்பணும்னு தோணினா சொல்றேன்."

"தோணினா சொல்லு. கொஞ்ச தூரம் நான் ஓட்டறேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கியர் எங்கே இருக்கிறது என்று குனிந்து தேடினான்.