முலாம் ஏறாத வளையல்

சங்கரன்கோவிலில் ஆபிதா பானு கவரிங் பட்டறை வைத்திருக்கிறாள். போன ஐப்பசியில் ஒரு மத்தியானம், பனவடலிசத்திரத்திலிருந்து பார்வதியம்மாள் ஒரு செம்பு வளையலோடு வந்தாள்.

“எம் மூத்த மக போட்டிருந்தது. அவ செத்து வருசமாச்சு. தையில சின்னவளுக்குக் கல்யாணம். தங்க முலாம் பூசிக் குடும்மா, அவ கையில போட்டு அனுப்பணும்.”

ஆபிதா வளையலைக் கழுவி, கம்பியில் கட்டி, தங்கம் கரைந்த சுடுதிரவத் தொட்டிக்குள் தொங்கவிட்டாள். பக்கத்திலிருந்த ரெக்டிபயர் பெட்டியைப் போட்டதும் அது இரைந்தது.

“அது என்ன பெட்டிம்மா?”

“லைன்ல வார கரண்டு செகண்டுக்கு அம்பது தடவ போயிப் போயித் திரும்பி வரும்மா. அத அப்படியே குடுத்தா தங்கம் நிக்காது. இதுக்குள்ள நாலு டயோடு இருக்கு. எந்தப் பக்கமா வந்தாலும் அதை ஒரே பக்கமாத் திருப்பி விட்டுரும். அப்புறம் போறது மட்டுந்தான், திரும்பி வாரது கெடையாது.”

செம்பின் மேல் மஞ்சள் ஏறியது. ஆபிதா துணியை எடுக்கத் திரும்பியபோது வெளிறிவிட்டது. மறுபடி ஏறியது. மறுபடி வெளிறியது.

டயோடு போய்விட்டது என்று நினைத்தாள். பெட்டியைக் கழற்றி, மீட்டர் வைத்து நான்கையும் பார்த்தாள். நான்கும் நன்றாக இருந்தன. வேறொரு வளையலைத் தொங்கவிட்டாள். இரண்டே நிமிடத்தில் தகதகவென்று வந்தது. செம்பு வளையலை மறுபடி இறக்கினாள். நிறம் ஏறியது, இறங்கியது.

சுவிட்சை அணைத்தாள். இரைச்சல் நின்றது. தொட்டிக்குள் மஞ்சள் மட்டும் நிற்கவில்லை. தூங்குகிற ஆளின் நெஞ்சு மாதிரி, மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஆபிதா ஓரடி பின்னால் நகர்ந்தாள். பார்வதியம்மாள் மட்டும் பதறவில்லை.

“அவ குடுக்க மாட்டா,” என்றாள். “உசுரோட இருக்கையிலயும் சின்னவள இதத் தொட விட்டதில்ல.”

பிஸ்மில்லா சொல்லிக்கொண்டு ஆபிதா கம்பியைத் தூக்கினாள். சுடுதிரவத்திலிருந்து வந்த வளையல் சில்லிட்டிருந்தது.

“சின்னவளுக்கு இதப் போட்டுராதீங்கம்மா.”

பார்வதியம்மாள் தலையாட்டிவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

மாசியில் கல்யாணப் பலகாரத்தோடு மறுபடி வந்தாள். சின்னவள் ராயகிரியில் சந்தோஷமாக இருப்பதாகச் சொன்னாள்.

“அந்த வளையல்?”

“அவ விழுந்த கெணத்துலயே போட்டுட்டேன்.”

“நல்லது செஞ்சீங்க.”

பார்வதியம்மாள் எழுந்திருக்கவில்லை. பலகாரப் பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

“கெணத்துல தண்ணி நெறையக் கெடக்கும்மா. போட்டுட்டு ரொம்ப நேரம் எட்டிப் பாத்துக்கிட்டே நின்னேன்,” என்றாள். “விழுந்த சத்தமே கேக்கல.”