ஆறாவது வாரத்துப் படம்

போட்டோ ஸ்டுடியோவில் அவனுக்குப் பவுடர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எந்த முகம் வந்தாலும் கம்ப்யூட்டரில் ஏற்றி, பருவை எடுத்து, பல்லை வெளுத்து, தொங்கிய தாடையைத் தூக்கி நிறுத்திவிடுவான். அறுபது வயதுக்காரர் நாற்பதாக வெளியே போவார். ஒரு குறை கண்ணில் பட்டால் போதும், கை தானாக மவுஸைத் தேடும். அந்தக் கைதான் அவன் குடியைக் கெடுத்தது.

மகள் பிறந்த ஆறாவது வாரம், ஸ்டுடியோ விளக்கில் அவனே படம் எடுத்தான். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோது வலது கண்மணி நல்ல கறுப்பு. இடது கண்மணியின் நடுவே வெள்ளையாக ஒரு பொட்டு. விளக்கு வெளிச்சம் பட்டிருக்கும் என்று நினைத்தான். நினைத்தான் என்றுகூடச் சொல்ல முடியாது, கை முந்திக்கொண்டது. வலது கண்ணை நகலெடுத்து, திருப்பி, இடது பக்கம் ஒட்டினான். நாலு நிமிட வேலை. சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டினான். வந்தவர்கள் எல்லாம் "கண்ணு ரெண்டும் கறுப்புத் திராட்சை மாதிரி இருக்கு" என்றார்கள். பவுடருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஒன்றேகால் வயதில் குழந்தையின் இடது கண் ஒரு பக்கமாக ஒதுங்கத் தொடங்கியது. கண் டாக்டரம்மா பார்த்ததுமே சொல்லிவிட்டார், புரை என்று. வயதானவர்களுக்கு வரும் அதே புரை. பவுடருக்கு அந்த வெள்ளைப் பொட்டு உடனே ஞாபகம் வந்தது.

"ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். அதோட முடியற விஷயமா இருந்தா நான் கவலைப்பட மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "கண்ணு வழி மட்டும்தான் விடும், பாக்கறது மூளை. பொறந்த முதல் சில மாசம் ரெண்டு கண்ணும் மூளைக்குள்ள இடம் பிடிக்க முட்டி மோதும். பஸ்ல சீட்டுக்கு அடிச்சுக்கறோமே, அந்த மாதிரி. ஒரு கண்ணுலேருந்து தெளிவா எதுவும் வரலைன்னா, அந்த சீட்டையும் சேர்த்து இன்னொண்ணு உட்கார்ந்துக்கும். அப்புறம் லேசுல எழுந்திருக்காது. புரை பொறந்தப்பவே இருந்துதா, பின்னாடி வந்துதான்னு தெரிஞ்சா நல்லா இருக்கும். சின்ன வயசு படம் ஏதாவது இருக்கா?"

மனைவி பரபரவென்று போனை நீட்டினாள். சுவரில் மாட்டிய அதே படம்.

"ஆறாவது வாரமா? வெள்ளையே தெரியலையே. படத்தை வெச்சு அடிச்சு சொல்ல முடியாது. ஆனா பின்னாடிதான் வந்திருக்கும் போல. அப்படின்னா மூளை கொஞ்சமாவது பாக்கக் கத்துக்கிட்டிருக்கும். நம்பிக்கையா இருங்க."

மனைவியின் முகத்தில் உயிர் வந்தது. பவுடர் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான். பாவி, அங்கேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஆபரேஷன் முடிந்தது. தடித்த கண்ணாடி வந்தது. நல்ல கண்ணை தினமும் மூன்று மணி நேரம் ஒட்டு போட்டு மறைக்க வேண்டும், அப்போதுதான் சோம்பிக் கிடக்கும் கண்ணை மூளை திரும்பிப் பார்க்கும் என்றார் டாக்டரம்மா. ஒட்டுகிற வேலை மனைவியிடம் விழுந்தது. குழந்தை அவள் கையைக் கடித்தது, தலையைச் சுவரில் இடித்துக்கொண்டது. ஒட்டுப் பாக்கெட்டைக் கண்டாலே அம்மாவிடமிருந்து ஓடியது. பவுடர் வீடு திரும்பும்போது ஒட்டைப் பிரித்திருப்பார்கள். "அப்பா" என்று பாய்ந்து வந்து மூக்கைப் பிடிக்கும். அம்மா எதிரியாகவும் தான் செல்லமாகவும் இருப்பது அவனுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. குத்தியதே தவிர, வாயைத் திறக்கவில்லை.

நாலு மாதம் கழித்துப் பரிசோதனை. டாக்டரம்மா நல்ல கண்ணை மூடிவிட்டு பொம்மையை ஆட்டினார், விளக்கைக் காட்டினார். நெற்றியைச் சுருக்கினார்.

"பின்னாடி வந்த புரைன்னா இதுக்குள்ள நல்லா முன்னேறி இருக்கணுமே. ஒட்டு ஒழுங்கா போடறீங்களாம்மா?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "சில நாள் அழுது மூச்சு முட்டிடறா. மனசு கேக்காம பத்து நிமிஷம் முன்னாடியே பிரிச்சுடறேன். தப்பு என் மேலதான் டாக்டர்."

பத்து நிமிஷம்! பத்து நிமிஷத்துக்கு அவள் தலை குனிகிறாள். பவுடருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. நாலு மாதமாகப் போனில் வைத்திருந்த அசல் படத்தைத் திறந்து போனை மேஜைமேல் வைத்தான்.

"இதுதான் டாக்டர் அந்தப் படம். நான் கை வைக்கறதுக்கு முன்னாடி இருந்தது. வெள்ளை தெரிஞ்சுது. நான்தான் அழிச்சேன்."

டாக்டரம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதை அன்னிக்கே காட்டியிருந்தா முதல் நாள்லேருந்தே ஒட்டற நேரத்தை கூட்டியிருப்பேன்."

"ஆறாவது வாரமே கூட்டிட்டு வந்திருந்தா?"

"அதை ஏன் என் வாயாலே சொல்ல வைக்கறீங்க? இனிமே தினம் ஆறு மணி நேரம். பார்வை வர்ற வரைக்கும் வரட்டும்."

வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மடியில் குழந்தை. மனைவி திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"மூணாவது மாசம் ஒரு நாள் இவளை ஜன்னல்கிட்ட தூக்கி வெச்சிருந்தேன். கண்ணுல வெள்ளையா ஏதோ தெரிஞ்சுது. திக்குன்னு ஆயிடுச்சு. உங்களைக் கூப்பிடலாம்னு போனை எடுத்தேங்க. அப்ப சுவத்துல இருந்த படத்தைப் பாத்தேன். ரெண்டு கண்ணும் நல்லாத்தானே இருக்கு, நமக்குத்தான் பைத்தியம் பிடிச்சிருக்குன்னு போனை வெச்சுட்டேன்."

தன் கண்ணை ஏமாற்றியது போதாதென்று அவள் கண்ணையும் அல்லவா அவித்திருக்கிறான்!

அவள் பையிலிருந்து ஒட்டுப் பாக்கெட்டை எடுத்து அவன் கையில் வைத்தாள். "இன்னிக்கு இன்னும் போடலை. இனிமே நீங்க ஒட்டுங்க."

குழந்தையை முன்னால் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, நல்ல கண்மேல் ஒட்டினான். கண்ணாடியைத் திரும்ப மாட்டினான். குழந்தையின் முகம் கோணியது. தினமும் குறி தவறாமல் அவன் மூக்கைப் பிடிக்கும் கை, காதோரம் காற்றைத் துழாவியது.

"அப்பா" என்றது குழந்தை. அப்புறம் அழுகையோடு, "அப்பா எங்க?"

அவன் ஒரு சாண் தூரத்தில் அதன் முகத்துக்கு நேரே இருந்தான்.

"பேசுங்க" என்றாள் மனைவி. "குரல் கேட்டாத்தான் யாருன்னு அவளுக்குத் தெரியும்."