ஃபிரான்சுவாஸ் வீட்டுக் குழாய்

காரைக்காலுக்குப் புதிய குடிநீர்த் திட்டம் வரைந்துகொண்டிருந்த இன்ஜினியர் சொக்கநாதனுக்குப் பழைய இரும்புக் குழாய்கள்தான் தலைவலி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதைத்தவை. எந்த வரைபடத்திலும் இல்லை. அவற்றைக் கண்டுபிடித்து அடைக்காவிட்டால், புதுத் தொட்டியின் அழுத்தத்தில் எங்காவது வெடிக்கும். அதனால் தெருத்தெருவாக நடந்து, ஒரு கம்பியைக் குழாயில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துத் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டுவந்தான்.

அப்படி ஒரு தெருவில் நின்றபோது தெனிஸ் வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"எங்க வீட்டுக் குழாய முதல்ல வெட்டுங்க தம்பி."

"எல்லாரும் வெட்டாதன்னுதான் சண்டைக்கு வருவாங்க, முசியே."

"அல்ஜீரியாவுல சண்டை பார்த்தவன் நான். ஒரு குழாய்கிட்ட தோத்துப்போயி நிக்கிறேன்."

மகன் பிரான்சில், துலோனில் இருந்தான். தெனிசும் மனைவி ரோசலியும் அங்கேயே போய்விட டிக்கெட் எடுத்தாயிற்று. ரோசலிதான் கிளம்ப மறுத்தாள். அவள் தங்கை ஃபிரான்சுவாசின் வீடு பக்கத்து வீடு. இரண்டு சமையலறைக்கும் ஒரே குழாய். மத்தியானம் சோறு வடித்ததும் அக்கா கரண்டியால் குழாயைத் தட்டுவாள். சாப்பிட்டாயா என்று அர்த்தம். தங்கை திருப்பித் தட்டுவாள். ஃபிரான்சுவாஸ் இறந்து இரண்டு வருடமாகிவிட்டது. வீடு பூட்டிக் கிடந்தது. ரோசலி இன்னும் தட்டினாள். பதில் வருகிறது என்றாள்.

சொக்கநாதன் சிரித்துக்கொண்டான். பம்ப் ஹவுசில் வால்வைத் திறக்கும்போது தண்ணீர் குழாயை இடிக்கும். அந்தச் சத்தம் வெகுதூரம் கேட்கும். மறுநாள் வால்வை மூடச் சொல்லி, குழாயில் இருந்த தண்ணீரையும் வடித்துவிட்டு ரோசலியின் சமையலறைக்கு வந்தான். தெனிஸ் சாவியோடு பக்கத்து வீட்டுக்குப் போய், தூசி படிந்த குழாயடியில் உட்கார்ந்தார்.

"மீன் ஆறிப்போவுது. அவ காத்துக்கிட்டு இருப்பா" என்று சொல்லி ரோசலி இரண்டு தட்டுத் தட்டினாள்.

சொக்கநாதன் கம்பியைக் காதில் அழுத்தினான். எதிரொலி என்றால் உடனே வந்திருக்கும். இது சற்றுப் பொறுத்து வந்தது. கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு ஒருவர் எழுந்து வரும் நேரம். மூன்று தட்டு.

"எப்பவும் என்னைவிட ஒண்ணு கூடத்தான் தட்டுவா. அதிகப்பிரசங்கி" என்றாள் ரோசலி.

அந்தப் பக்கம் இருந்த தெனிசுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை; அவர் எதையும் தொடவுமில்லை.

அடுத்த நாள் காலை இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் ஆள் வைத்துத் தோண்டினான். வெட்டி, மூடி போட்டுவிட்டால் முடிந்தது. இடுப்பளவு ஆழத்தில் குழாய் தெரிந்தது. ஆட்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கையாலேயே மணலை விலக்கினான். ஒரு முழம் போனதும் குழாய் இல்லை; முனை துருவால் அடைபட்டிருந்தது. உப்பு அரித்துத் தின்றிருந்தது. வெறும் மணல். அதற்கு அப்பால்தான் ஃபிரான்சுவாஸ் வீட்டுப் பக்கத்துத் துண்டு, துருவேறி நீட்டிக்கொண்டிருந்தது.

"வெட்டவே வேண்டாம் முசியே. எப்பவோ அறுந்துபோச்சு" என்று மேலே நின்ற தெனிசிடம் சொன்னான். தன் குரலே அவனுக்குப் பிடிக்கவில்லை.

தெனிஸ் குழிக்குள் இறங்கினார். "இத அவகிட்ட காட்டிட்டா போதும். கிளம்பிடுவா."

அப்போது சமையலறையில் கரண்டிச் சத்தம் கேட்டது.

சொக்கநாதனின் உள்ளங்கை தங்கை வீட்டுத் துண்டின்மேல் இருந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு துருவுக்குள்ளிருந்து அதிர்வு விரல் எலும்புவரை ஏறியது: மூன்று முறை. அவன் கையை எடுக்கவில்லை, எடுக்க முடியவில்லை. தெனிசும் தன் கையை அதில் வைத்திருந்தார் என்பதை அப்புறம்தான் பார்த்தான்.

"என்னங்க, கேட்டுச்சா?" உள்ளேயிருந்து ரோசலியின் குரல். "சாப்பிட்டாளாம். இருங்க, வெளிய வர்றேன்."

தெனிஸ் மண்வெட்டியை எடுத்தார்.

"மூடுங்க தம்பி. அவ வர்றதுக்குள்ள மூடிடுங்க. இது அறுந்து கெடக்கறது அவளுக்குத் தெரிய வேணாம்."

"டிக்கெட்?"

"ரெண்டையும் திருப்பிடறேன்."

இருவரும் அவசரமாக மணலைத் தள்ளினார்கள். ரோசலி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தபோது குழாய் மறைந்திருந்தது. அவள் கையில் கரண்டி இல்லை. காலடி மணலுக்குள்ளிருந்து, மெதுவாக, மறுபடி தட்டும் சத்தம் வந்தது.